நூற்றுப்பத்து விழுக்காடு மாமனார்

கணக்கு வாத்தியார்களுக்குக் கணக்குத் தெரியும் என்று உலகத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் என் டியூசன் வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. பெற்றோர்கள் பிள்ளைகளைப் படிக்கட்டில் இறக்கிவிட்டு நிம்மதியாகப் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே அந்த நம்பிக்கை இருந்தது. அது ஒரு ராணுவ முகாமுக்குள், சீருடை அணிந்த லெப்டினன்ட் கர்னல் ஒருவரின் முன்னிலையில், நானே வரைந்து நானே லேமினேட் செய்த வண்ணப்படம் ஒன்றால் உடைந்தது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பவானியைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பதைத் தவிர வாழ்க்கையில் வேறு லட்சியம் கிடையாது. பவானிக்குச் சம்மதம். அவள் அம்மாவுக்கும் ஏறக்குறைய சம்மதம். (ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணம், என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் "இவ்ளோ ஒல்லியா இருக்கீங்களே தம்பி, ஏதும் நோய் கீய் இருக்கா?" என்று கேட்பார்.) மீதமிருந்தது ஒரே ஒருவர். அவள் அப்பா, சார்ஜன் முனியாண்டி.

சார்ஜன் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். மீசை முளைத்த கையோடு படையில் சேர்ந்து, வடக்கு எல்லைக் காடுகளிலேயே பாதி ஆயுளைக் கழித்து, சார்ஜனாக ஓய்வு பெற்றவர். அந்தத் தோட்டம் இப்போது வரிசை வீடுகளும் பெட்ரோல் நிலையமுமாகத் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி ஆகிவிட்டது. அதில் மூலை வீடு அவருடையது. வாசலில் செருப்புகூட அணிவகுப்பில் நிற்பது போலத்தான் நிற்கும்.

முதல் சந்திப்பில் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"என்னா வேல?"

"கணக்கு டியூசன் எடுக்கிறேன்."

"அது சாயந்தரம் லா. காலையில என்னா வேல?"

காலையில் எனக்கு வேலை கிடையாது. அதைச் சொன்னேன். "பாப்போம் லா" என்றார். அந்தப் 'பாப்போம்' மாதக் கணக்கில் நீடித்தது. அங்கிள் என்று கூப்பிட்டால் முறைத்தார். மாமா என்று கூப்பிட்டபோது அதைவிட அதிகமாக முறைத்தார். கடைசியில் ஊரோடு சேர்ந்து நானும் சார்ஜன் என்றே கூப்பிட ஆரம்பித்தேன். முறைப்பதை அப்போதும் நிறுத்தவில்லை, ஆனால் சற்றுக் குறைத்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் அவருடைய ஊன விகிதம் என் வாழ்க்கைக்குள் வந்தது.

சார்ஜனுக்கு உடம்பில் நாலு இடத்தில் பழுது. ரோந்து போனபோது பள்ளத்தில் விழுந்து ஒரு முழங்கால் போனது. வருடக்கணக்காக முதுகில் சுமந்த மூட்டைகளால் முதுகெலும்பு தேய்ந்தது. வலது தோள் ஒருமுறை நழுவி, அதன்பிறகு ஒழுங்காக உட்காரவே இல்லை. பீரங்கிச் சத்தத்தில் இடது காது மந்தமாகிவிட்டது. ஓய்வு பெறும்போது முழங்காலை மட்டும்தான் கணக்கில் எடுத்திருந்தார்கள். மற்ற மூன்றையும் அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தைலம் தேய்ப்பார். வாசனை மட்டும் தெருமுனை வரை வரும்.

மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் ஒருவழியாக மறுமதிப்பீட்டுக்கு மனுப் போட்டார். சிறப்பு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். முழங்காலுக்கு நாற்பது விழுக்காடு, முதுகுக்கு முப்பது, தோளுக்கு இருபது, காதுக்கு இருபது. இனி மருத்துவ வாரியம் ஒன்று அவரை நேரில் பார்த்து, இந்த நான்கையும் சேர்த்து ஒரே விகிதமாக முடிவு செய்யும். அது உயர்ந்தால் ஓய்வூதியம் கூடும், முழங்கால் அறுவைச் சிகிச்சையும் சுலபமாகும். அவருக்குத் துணையாக ஒருவர் வரலாம் என்றிருந்தார்கள்.

"நீங்க கூடப் போங்க" என்றாள் பவானி. "இத மட்டும் ஒழுங்கா முடிச்சுக் குடுத்துட்டா அப்பா 'சரி'ன்னு சொல்லிருவாரு. நீங்க கணக்கு வாத்தியார்தானே?"

"நாலு எண்ணைக் கூட்டணும். இதுக்கு ஒரு வாரியமா?" என்று சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

நாற்பதும் முப்பதும் எழுபது, இருபதும் இருபதும் நாற்பது, மொத்தம் நூற்றுப்பத்து. சாதாரண மனிதனாக இருந்திருந்தால் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்திருப்பான். விடை நூறு விழுக்காட்டைத் தாண்டினால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று மூன்றாம் படிவ மாணவர்களை நான் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தவன்தான். ஆனால் காதல் கண்ணை மறைத்தது. சார்ஜன் நாட்டுக்காகத் தன்னைவிட அதிகமாகவே தியாகம் செய்திருக்கிறார் என்ற முடிவுக்கு வந்தேன். பெருமையில் கண்கூடக் கலங்கியது.

இந்தத் தியாகம் வாரியத்தின் கண்ணில் பளிச்சென்று பட வேண்டுமே என்று ஒரு வட்ட விளக்கப்படம் வரைந்தேன். முழங்காலுக்குச் சிவப்பு, முதுகுக்கு நீலம், தோளுக்குப் பச்சை, காதுக்கு மஞ்சள். வட்டம் என்பது நூறோடு முடிந்துபோகிற சாமான் ஆகையால் காதில் பாதி உள்ளே இடம் கிடைக்காமல் நின்றது. அதை வட்டத்துக்கு வெளியே ஒட்டி, ஓர் அம்புக்குறியும் போட்டேன். மேலே மலாயில் கொட்டை எழுத்தில் தலைப்பு: மொத்த ஊனம் 110%. பிறகு லேமினேட் செய்தேன். (டியூசன் வாத்தியார் கையில் லேமினேட் இயந்திரம் கிடைத்தால் எதுவும் தப்பாது.)

சந்தோஷம் தாங்காமல் பவானியின் அம்மாவுக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

"அத்தை, சார்ஜனுக்கு நூத்திப்பத்து பெர்சன் ஊனம்!"

"ஐயையோ, நூறுக்கு மேலயா?" என்று அலறினார். "மனுசன் நல்லாத்தானே மோட்டார எடுத்துக்கிட்டு மீன் வாங்கப் போனாரு!"

நான் விளக்கினேன். எவ்வளவு விளக்கினேனோ அவ்வளவுக்கு அவர் கலங்கினார். கலக்கத்தோடு தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் நாத்தனார் அஞ்சலை அத்தைக்குச் சொன்னார். அஞ்சலை அத்தை சார்ஜனின் அக்கா. குடும்ப வாட்ஸ்அப் குழுவை நடத்துபவரும் அவர்தான். அதன் பிறகு என்ன நடந்தது என்பது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாரியத்துக்குப் போகாமல் அப்படியே தாய்லாந்துப் பக்கம் போயிருப்பேன்.

வாரியத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சார்ஜனுக்கு ஒத்திகை வைத்தேன்.

"நாற்காலியில இருந்து மெதுவா எந்திரிங்க சார்ஜன். கையால முட்டியப் பிடிச்சுக்குங்க. எதாச்சும் கேட்டா, 'என்னா'ன்னு திருப்பிக் கேளுங்க."

"எனக்கு நடிக்கத் தெரியாது லா வாத்தியாரே."

"நடிக்கச் சொல்லல. நெஜமாவே வலிக்குதுல்ல? அத மறைக்காம இருங்க. அவ்ளோதான்."

பேன்ட்டைக் கழற்றிவிட்டுத் தெருவில் நடக்கச் சொன்னதைப் போல என்னைப் பார்த்தார். ஆனாலும் இரண்டு தடவை மெதுவாக எழுந்து காட்டினார். மூன்றாவது தடவை உள்ளேயிருந்து பவானியின் அம்மா எட்டிப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்துவிட்டார். அதுவே எனக்குப் போதுமான எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை என் கஞ்சில் காரில் கிளம்பினோம். படைவீரர் சங்கத்துக் கோட்டும் தலையில் பெரே தொப்பியும் அணிந்திருந்தார். அந்தச் சின்ன காருக்குள் முழங்காலை மடக்கி ஏறும்போது அவர் முகத்தில் ஒரு நொடி ஏதோ ஓடி மறைந்தது. "ஆ, இதுதான் சார்ஜன், இப்படியே உள்ள வாங்க" என்றேன். அவர் கார்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முகாமுக்குள் ஒரு நீளமான அறை. மேசைக்குப் பின்னால் இரண்டு பேருக்கு நாற்காலிகள். ஒருவர் சீருடையில் இருந்த மலாய்க்கார லெப்டினன்ட் கர்னல். அவரும் மருத்துவர்தான், வாரியத்தின் தலைவர். இன்னொருவர் சேலை கட்டிய ஒரு டாக்டரம்மா. நாங்கள் முன்கூட்டியே உள்ளே உட்கார வைக்கப்பட்டிருந்தோம். தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்த கர்னல் திரும்பி வந்து கதவைத் திறந்தார்.

அவ்வளவுதான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சார்ஜன் நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று நான் பார்க்கவில்லை. இரண்டு குதிகாலும் சேர்ந்து 'டக்' என்று சத்தம் கேட்டது. நாற்பது விழுக்காடு முழங்கால் கம்பிபோல் நின்றது. இருபது விழுக்காடு தோள் உயர்ந்து, விரல்கள் தொப்பியின் ஓரத்தைத் தொட்டன. பெயரையும் படை எண்ணையும் பதவியையும் ஒரே மூச்சில் மலாயில் சொல்லி முடித்தார். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

கர்னல் உட்கார்ந்து, டாக்டரம்மா பக்கம் சாய்ந்து, "முழங்கால் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று மலாயில் கிசுகிசுத்தார். அடுத்த நாற்காலியில் இருந்த எனக்கே அது அரைகுறையாகத்தான் கேட்டது.

"முழங்கால் நலம், துவான்!" என்று முழங்கினார் சார்ஜன்.

காதும் போயிற்று. இனி மிச்சமிருப்பது முதுகு ஒன்றுதான் என்று பதற்றத்தில் எழுந்தேன். என் மடியில் இருந்த லேமினேட் படம் வழுக்கித் தரையில் விழுந்து, மேசைக்கு அடியில் சறுக்கிப் போனது. நான் குனிவதற்கு முன்னால் சார்ஜன் குனிந்தார். முழங்காலை மடக்காமல், முதுகை இரண்டாக மடித்து, அதை எடுத்து, தூசியை ஊதிவிட்டு, இரண்டு கையாலும் கர்னலிடம் நீட்டினார்.

மருத்துவ வரலாற்றில் நான்கு ஊனங்கள் இவ்வளவு வேகமாகக் குணமானது இல்லை. நான் மெல்ல உட்கார்ந்தேன்.

கர்னல் படத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவிடம் கொடுத்தார். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்ததுமே யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்று தெரிந்துவிட்டது.

"இதை ஆர் தம்பி கீறினது?"

"நான்தான் டாக்டர்."

"வடிவாத்தான் கீறியிருக்கிறீங்கள். நீங்கள் என்ன வேலை செய்யிறனீங்கள்?"

பொய் சொல்லலாமா என்று உண்மையிலேயே யோசித்தேன். மீன் வியாபாரம் என்று சொல்லியிருந்தால்கூட மரியாதை தப்பியிருக்கும். ஆனால் பக்கத்தில் சார்ஜன் இருந்தார்.

"கணக்கு டியூசன்."

டாக்டரம்மா அதைக் கர்னலுக்கு மலாயில் மொழிபெயர்த்தார். கர்னல் உடனே ஜன்னலுக்கு வெளியே இருந்த மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் தோள்கள் குலுங்கின.

"இந்த வட்டத்துக்குள்ளேயே ஆள் நூறு வீதமும் முடிஞ்சுபோனார்" என்றார் டாக்டரம்மா. "வெளியிலை நிக்கிற இந்தப் பத்து வீதம் ஆருடைய?"

என்னுடையதாக இருக்கலாம் என்று அந்தக் கணத்தில் தோன்றியது.

பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார். "இதைச் சும்மா கூட்டிறதில்லைத் தம்பி. முதல்லை ஒரு முழு ஆளை எடுக்க வேணும். முழங்காலுக்கு நாற்பது கழிச்சால் மிச்சம் அறுபது. முதுகுக்கு முப்பது வீதம் எண்டால் அந்த மிச்ச அறுபதிலைதான் முப்பது வீதம், முழு ஆளிலை இல்லை. அது பதினெட்டு. இப்ப மிச்சம் நாற்பத்திரண்டு. தோளுக்கு அந்த நாற்பத்திரண்டிலை இருபது வீதம். காதுக்கு, அதுக்குப் பிறகு என்ன மிஞ்சுதோ அதிலை இருபது வீதம். கடைசியிலை எழுபத்திமூண்டு வரும். கிட்டின பத்துக்கு எடுத்தால் எழுபது."

எனக்குத் தலை சுற்றியது. கணக்கு புரியாததால் அல்ல. அது எனக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. நாற்பது விழுக்காடு தள்ளுபடிக்கு மேல் இன்னும் முப்பது விழுக்காடு தள்ளுபடி என்று துணிக்கடையில் எழுதியிருந்தால், அது எழுபது ஆகாது என்று தீபாவளிக்குத் தீபாவளி பாடம் நடத்துபவன் நான். அந்தக் கேள்வியில் பிள்ளைகளை மாட்டிவிடுவதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு. சேலைத் தள்ளுபடிக்குத் தெரிந்த கணக்கு, மாமனாராக வரப்போகிறவருக்குப் போடும்போது மறந்துவிட்டது.

"அப்டின்னா எத்தனை காயத்தைச் சேர்த்தாலும் நூறு வரவே வராதே!" என்றேன், இதையாவது கண்டுபிடித்துவிட்ட பெருமையில்.

"வராது தம்பி. ஆள் உயிரோடை முன்னாலை நிக்கிறாரே."

ஆனால் என் கவலை வேறு. இந்த எழுபது விழுக்காடாவது கிடைக்குமா? சார்ஜன்தான் நான்கையும் ஒரு நிமிடத்தில் குணப்படுத்திக் காட்டிவிட்டாரே. நேற்று வீட்டில் அவரால் குனியவே முடியவில்லை, தைலம் இல்லாமல் அவர் தூங்குவதில்லை என்று நான் உளறிக் கொட்ட ஆரம்பித்தேன். கர்னல் கையை உயர்த்தி நிறுத்தினார். பிறகு மலாயில், சிரிக்காமல் சொன்னார். இந்த அறைக்குள் நொண்டிக்கொண்டு வந்த பழைய சிப்பாய் எவரையும் அவர் பார்த்ததில்லையாம். எல்லாரும் அணிவகுப்புக்கு வருவதைப் போலத்தான் வருவார்களாம். வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொள்வார்களாம். அதனால் நடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு எக்ஸ்ரேயைத்தான் பார்க்கிறார்களாம்.

சார்ஜன் அதுவரை நின்றுகொண்டேதான் இருந்தார். இப்போது டாக்டரம்மாவைப் பார்த்துத் தமிழில் பேசினார். குரல் தணிந்திருந்தது.

"வேணும்னு செய்யலமா. தோட்டத்துல விடிகாலையில பெரட்டுக்கு நிக்கணும், பேரு குடுக்க. நொண்டிக்கிட்டு நின்னா பேரு எழுதுற கிராணி அன்னைக்கு பேரு போட மாட்டான். பேரு இல்லன்னா சம்பளம் இல்ல. எங்கப்பா காய்ச்சலோட நேரா நிப்பாரு. எங்களையும் அப்டித்தான் நிக்க வச்சாரு. ஒருத்தன் கதவத் தொறந்துக்கிட்டு வந்தா ஒடம்பு தானா நிமுந்துக்குது."

எனக்கு வெட்கமாக இருந்தது. என் தாத்தாவும் லகாட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்படி வரிசையில் நின்றவர்தான். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவன், இந்த மனிதரைப் பார்த்து வலியை வெளியே காட்டு என்று ஒத்திகை வைத்திருக்கிறேன்.

"டாக்டரம்மா" என்றார் சார்ஜன். "அப்ப எனக்கு மிச்சம் எவ்ளோ இருக்கு?"

"இருபத்தேழு மட்டிலை இருக்குதையா."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டீங்களா வாத்தியாரே? இருபத்தேழு இருக்கு. நீங்க என்னைய முழுசா முடிச்சு, மேல பத்து வேற கடன் வச்சிருக்கீங்க."

வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் சுவரைத் தேடினார். சுவருக்கு முன்னால் என் தோள் கிடைத்தது. பாசத்தில் கை போடுகிறார் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். முழு எடையும் என் மேல் இறங்கியபோதுதான் விஷயம் புரிந்தது. கார் வரைக்கும் அப்படியே நடந்தோம். செமோர் வரும் வரை அவர் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். பவானியை மறந்துவிட வேண்டியதுதான் என்று நான் மனத்தைத் தேற்றிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் செருப்புகள் அணிவகுப்பில் இல்லை. குவியலாகக் கிடந்தன.

உள்ளே சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். மேசையில் ஆரஞ்சுப் பழங்கள், மைலோ பாக்கெட்டுகள், பிஸ்கட் டின்கள். படுத்த படுக்கையாகிவிட்டவரைப் பார்க்கப் போகும்போதுதான் நம் ஆட்கள் இந்த மூன்றையும் ஒன்றாக வாங்கிப் போவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மூலையில், யாரிடமோ இரவல் வாங்கிய சக்கர நாற்காலி. நடுவில் அஞ்சலை அத்தை, கண்கள் சிவந்து, கையில் துண்டோடு.

"தம்பி!" என்று பாய்ந்து வந்தார். "நூத்திப்பத்தாமே டா! டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்களா? நடந்தா வார? ஏன் டா நடந்து வார?"

சார்ஜன் மெதுவாக எல்லாரையும் பார்த்தார். ஆரஞ்சைப் பார்த்தார். சக்கர நாற்காலியைப் பார்த்தார்.

"யாரு சொன்னா நூத்திப்பத்துன்னு?"

எல்லாத் தலைகளும் ஒரே திசையில் திரும்பின. பவானி மட்டும் தரையைப் பார்த்தாள். அவள் அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். நூற்றுப்பத்து என்பது என் தப்பு, எழுபதுதான் சரி, உயிருக்கு ஒன்றும் இல்லை என்று மென்று விழுங்கிச் சொல்லி முடித்தேன். அஞ்சலை அத்தையின் அழுகை நின்றது. அதன் இடத்தில் வந்தது இன்னும் மோசமாக இருந்தது.

"வேலைக்கு லீவு போட்டுட்டு வந்துருக்காங்க டா எல்லாரும்! எங்கூருக்கு இவன அனுப்பி வை, அங்கதான் பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, பெட்டு போட்டு வைத்தியம் பாப்பாங்க!" (தஞ்சோங் ரம்புத்தானில் இருப்பது மனநல மருத்துவமனை.)

உட்கார வேறு இடம் இல்லாததால் சார்ஜன் அந்தச் சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார். அவர் அப்படி மூச்சு விட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா, கொஞ்சம் சும்மா இரு. இந்தப் பையன என்னா பண்ணலாம்னு இன்னைக்கே முடிவு பண்ணிருவோம்."

நான் வாசலைப் பார்த்தேன். என் செருப்பு குவியலின் அடியில் இருந்தது.

"கணக்கு வாத்தியாருக்குக் கணக்குத் தெரியல" என்று விரலை மடக்கினார் சார்ஜன். "அதுக்கு ஒரு அம்பது. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாது, நாப்பது. காலையில வேல கெடையாது, முப்பது."

"ஒல்லிக்கு ஒரு பத்து போடுங்க" என்றார் பவானியின் அம்மா, சமையலறை வாசலிலிருந்து.

"நூத்திமுப்பது!" என்று அஞ்சலை அத்தை வெற்றியோடு கூட்டிச் சொன்னார். "ஆளே காலி. அனுப்பி வுடு."

"அப்டிக் கூட்டக் கூடாதுக்கா. இப்பத்தான் படிச்சிட்டு வாரோம்." சார்ஜன் என்னைப் பார்த்தார். "வாத்தியாரே, டாக்டரம்மா கணக்குல போடுங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

நான் கூடத்தின் நடுவில் நின்று, ஆரஞ்சுப் பழங்களுக்கு முன்னால், என் குறைகளை ஒவ்வொன்றாகக் கழித்தேன். ஐம்பது போனால் மிச்சம் ஐம்பது. அதில் நாற்பது விழுக்காடு போனால் முப்பது. அதில் முப்பது விழுக்காடு போனால் இருபத்தொன்று. ஒல்லிக்கு அதில் பத்து விழுக்காடு. வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக நான் கணக்குப் போட்டதில்லை.

"கிட்டத்தட்ட பத்தொன்பது மிச்சம் சார்ஜன்."

அவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். வீடே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு இருபத்தேழு. இவனுக்குப் பத்தொம்பது." மகள் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "பவானி, ஒனக்கு இது போதுமா?"

பவானி முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"போதும்பா."

வாங்கி வந்த ஆரஞ்சையும் பிஸ்கட்டையும் வைத்தே அன்றைக்குப் பரிசப் பேச்சு நடந்தது. மைலோவை எல்லாருக்கும் கலக்கிக் கொடுத்தார்கள். யாரும் எதையும் வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகவில்லை, சக்கர நாற்காலியைத் தவிர.

வாரியம் எழுபதுக்கு ஒப்புதல் கொடுத்தது. சார்ஜனின் முழங்காலை மாற்றினார்கள். இப்போது அவர் என்னைவிட வேகமாக நடக்கிறார். நான் காலையில் ஒரு பள்ளியில் வேலைக்குப் போகிறேன். ஆனால் அந்த முப்பதை யாரும் எனக்குத் திருப்பித் தரவில்லை. இந்தக் குடும்பத்தில் கழித்தல் மட்டும்தான் உண்டு. மாமனாரின் மோட்டாரை இரவல் வாங்கிச் சாக்கடையில் இறக்கியது, மச்சினி கல்யாணத்தில் வேறு மண்டபத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டும் வந்தது, பெட்ரோல் காருக்கு டீசல் ஊற்றியது என்று ஒவ்வொன்றுக்கும் மிச்சத்திலிருந்து கழித்துக்கொண்டே வருகிறார்கள். சார்ஜன்தான் விகிதத்தை அறிவிப்பார், நான்தான் சத்தமாகக் கணக்குப் போட வேண்டும்.

போன வாரம் வீட்டைப் பூட்டி, சாவியை உள்ளேயே வைத்துவிட்டேன். செய்தி எப்படியோ தஞ்சோங் ரம்புத்தான் வரை போய்விட்டது. அஞ்சலை அத்தை போன் போட்டார். இந்தக் குடும்பத்தில் என்னை மட்டும் யாரும் 'சௌக்கியமா' என்று கேட்பதில்லை.

"மாப்ள, மிச்சம் எவ்ளோ இருக்கு?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போயிருந்தது.

"கொஞ்சூண்டு இருக்கு அத்தை."

"இருக்குதுல்ல? பெறவு என்னா லா, நாயித்துக்கெழம சாப்புட வாங்க."